திண்டிவனத்தில் ஓர் இரவு: டாக்டர் ஐடா ஸ்கடரின் கதை

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது திண்டிவனம். வடமொழியில் திந்திரிணி என்றால் புளி. ஒரு காலத்தில் அங்கே புளிய மரங்கள் காடாக மண்டிக் கிடந்தனவாம். திந்திரிணி வனம் என்பதே திண்டிவனம் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அது விழுப்புரம் மாவட்டத்து ஊர். 1890-ஆம் ஆண்டில் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

அந்த ஊரில் அமெரிக்க மிஷனுக்கு ஒரு பங்களா இருந்தது. அதில் டாக்டர் ஜான் ஸ்கடர் என்பவர் குடியிருந்தார். அவர் பாதிரியார், டாக்டரும்கூட. ஒரு கையில் வேதப் புத்தகமும் மறு கையில் மருந்துப் பெட்டியுமாகக் கிராமம் கிராமமாகச் சுற்றி வருவார்.

அவருக்கு ஒரே மகள். பெயர் ஐடா. வயது இருபது. தாய்க்கு உடல்நலமில்லை என்று சேதி வந்ததால் அமெரிக்காவிலிருந்து ஓடி வந்தவள் அவள். தாய் குணமானதும் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். மிஷனரி வேலைமட்டும் வேண்டவே வேண்டாம் என்பது அவள் செய்துகொண்ட முடிவு.

அந்த முடிவை ஒரே இரவு மாற்றிவிட்டது. வேலூரில் இன்று ஓங்கி நிற்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்ததும் அந்த இரவில்தான்.

தெருவில் நின்று பேசிய பாட்டனார்

ஐடாவின் பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடர்தான். அவர் நியூயார்க் நகரத்தில் பேர்பெற்ற டாக்டர். நல்ல வருமானம். ஒரு நாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு சிறு புத்தகம் அவர் கண்ணில் பட்டது. இயேசுவின் பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கான மக்களுக்கு அவரைப் பற்றி யார் போய்ச் சொல்வது? இதுதான் அந்தப் புத்தகத்தின் கேள்வி. ஜான் ஸ்கடர் அதைத் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

1819-ஆம் ஆண்டில் மனைவியுடன் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். தமிழ் கற்றார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரி அவரே. 1836-இல் சென்னைக்கு வந்தார். அங்கிருந்து ஊர் ஊராகப் புறப்பட்டார். சந்தை கூடும் இடத்தில் நிற்பார். தேர்த் திருவிழாவில் நிற்பார். தமிழில் அச்சிட்ட சிறு பிரசுரங்களை மணிக்கணக்காக நின்று கொடுப்பார். வெயில் என்று பார்க்கமாட்டார். ஆர்வத்தோடு கேட்டவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் அவர் அசைந்து கொடுக்கவில்லை.

1855-இல் அவர் காலமானபோது அவருடைய வழியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு புதல்வர்களும் இந்தியாவில் மிஷன் ஊழியம் செய்தார்கள். 1853-இல் அவர்களில் சிலர் கூடித் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். மக்களின் சொந்தப் பாஷையில் பேசுவதே முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு என்பது அந்த மிஷனின் ஆரம்பகாலக் கொள்கை.

தைரியமான குடும்பம்தான். ஆனால் தெருவில் நின்று பேசுபவரின் குரல் தெருவில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு? அந்தக் காலத்தில் பெரிய குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆடவர் எதிரே வரமாட்டார்கள். பேச்சுக்கும் வரமாட்டார்கள், வைத்தியத்துக்கும் வரமாட்டார்கள். இரண்டு தலைமுறையாக அந்தக் கதவு ஸ்கடர் குடும்பத்துக்குத் திறக்கவில்லை.

தாது வருஷப் பஞ்சம்

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். அவளுக்கு அண்ணன்மார் ஐந்து பேர். அவள்தான் கடைக்குட்டி.

அவள் சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியையே அது வாட்டி எடுத்தது. ஏரிகள் வறண்டன. மாடுகள் மடிந்தன. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். வேலூர் மிஷன் பங்களாவின் முற்றத்தில் எலும்பும் தோலுமான குழந்தைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஆறு வயது ஐடா அவர்களுக்கு ரொட்டித் துண்டு ஊட்டினாள். சில குழந்தைகளுக்கு அதை வாங்கித் தின்னவும் தெம்பில்லை. சாலையோரத்தில் பிள்ளைகள் செத்துக் கிடந்ததையும் அவள் பார்த்தாள்.

பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை இந்தியாவுக்குத் திரும்பினார். பின்னர் தாயும் அவரிடம் வந்துவிட்டார். ஐடா உறவினர் வீட்டில் தனியாக விடப்பட்டாள். தாயைப் பிரிந்த இரவில் அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

இந்தியா என்றதும் அவளுக்கு இரண்டு நினைவுகள்தான் வந்தன. ஒன்று பஞ்சம். இன்னொன்று பிரிவு. இந்தியா தன் தாய் தந்தையரைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்றே அந்தச் சின்ன மனம் நினைத்தது. மாசாசூசெட்ஸ் மாகாணத்தில் நார்த்பீல்டு என்ற ஊரில் உள்ள பள்ளியில் அவள் படித்தாள். அங்கே தோழிகள், விளையாட்டு, சிரிப்பு எல்லாம் இருந்தன. ஸ்கடர் என்று பெயர் இருந்தால் மிஷனரி ஆகத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டால், தான் ஆகப் போவதில்லை என்று உடனே சொல்லிவிடுவாள்.

இப்படிப்பட்டவள்தான் 1890-இல் தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்து சேர்ந்தாள்.

மூன்று பேர் வந்தார்கள்

ஒரு நாள் இரவு. ஐடா விளக்கின் அருகே உட்கார்ந்திருந்தாள். தாழ்வாரத்தில் காலடி ஓசை கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு பிராமண இளைஞர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. மிகவும் சின்ன வயது. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். தயவுசெய்து வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள் ஐடா. இளைஞரின் முகம் வாடிவிட்டது. வேற்று ஆண் ஒருவர் மனைவியின் அறைக்குள் வரக்கூடாது, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு இருட்டில் நடந்து போனார்.

சிறிது நேரம் கழிந்தது. மறுபடியும் காலடி ஓசை. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலை. ஐடா தந்தையை அழைத்தாள். தந்தையும் வந்து பேசினார். மகள் கூடவே வந்து அவர் சொல்கிறபடி செய்யலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். பயன் இல்லை. தங்கள் குடும்பத்துப் பெண்களின் முகத்தை அந்நிய ஆண் பார்ப்பது வழக்கம் இல்லை என்று சொல்லி அவரும் திரும்பிவிட்டார்.

மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவர் இந்து, முதலில் வந்தவரைவிட வேறு சாதி. கேட்டது ஒன்றே. கிடைத்த பதிலும் ஒன்றே. அவரும் போய்விட்டார்.

இந்த மூன்று பேரையும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. மனைவிமேல் பாசம் இல்லாவிட்டால் நள்ளிரவில் அந்நிய மதத்தார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்களா? வழக்கம் ஒரு பக்கம் இழுத்தது. பாசம் ஒரு பக்கம் இழுத்தது. பெண் டாக்டர் ஒருத்தி இருந்திருந்தால் இரண்டுக்கும் சண்டையே இல்லை.

மறுநாள் காலையில்

அன்று இரவு ஐடா தூங்கவில்லை. மூன்று வீடுகளில் மூன்று இளம்பெண்கள் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளோ படுக்கையில் பத்திரமாகப் படுத்திருக்கிறாள்.

பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்து வரச் சொன்னாள். அவர் திரும்பி வந்து சேதி சொன்னார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஒருத்திகூடப் பிழைக்கவில்லை.

ஐடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் ஜெபம் செய்தாள். தன்னைக் கடவுள் எதற்கோ அழைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு வெளியே வந்து தாய் தந்தையரிடம் தன் முடிவைச் சொன்னாள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப் போவதாகவும், இந்தியப் பெண்களுக்கு வைத்தியம் செய்யத் திரும்பி வரப் போவதாகவும் அறிவித்தாள்.

அதற்கு மனத்துணிவு வேண்டும். மற்றவர்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் அவள் தன்னோடுதான் போராட வேண்டியிருந்தது. அமெரிக்க வாழ்க்கை, தோழிகள், கல்யாணக் கனவு எல்லாவற்றையும் அந்த ஒரு காலையில் தள்ளி வைத்தாள்.

பெண்கள் டாக்டராகப் படிப்பது அப்போது புதுமை. ஆனாலும் வழி திறந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சென்னையில் 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குப் போய் 1886-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் பெரிய பட்டணத்தில் இருந்த வசதி திண்டிவனத்துக்கு வரவில்லை. கிராமத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

பக்கத்து அறையில் ஒரு பணக்காரர்

ஆனந்திபாய் படித்த அதே பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1895-இல் ஐடா சேர்ந்தாள். கடைசி ஆண்டுப் படிப்பை நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்தாள். அந்தக் கல்லூரி அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1899-இல் ஐடா ஸ்கடர் டாக்டர் பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்தது. ஆனால் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டுமே! அதற்கு 8,000 டாலர் தேவை. இந்தியாவுக்குக் கப்பல் ஏறச் சில நாள்தான் இருந்தது. பணம் சேரவில்லை.

ஒரு நாள் மாதர் மிஷன் சங்கத் தலைவி ஒருவரின் வீட்டுக்குப் போய், திண்டிவனத்தில் நடந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னார். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் பெயர் ராபர்ட் ஷெல். ஒரு வங்கியின் தலைவர். மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்டும்படி 10,000 டாலர் கொடுத்தார். கேட்டதைவிட 2,000 அதிகம்!

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அவருடன் ஆனி ஹான்காக் என்ற தோழியும் வந்தார். இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஐடா உடலுக்கு மருந்து கொடுப்பார். ஆனி வேலூர் வீடுகளுக்குள் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார். வேதக் கதைகளைச் சொல்லிக் கொடுப்பார். ஆண் மிஷனரிகளுக்குத் திறக்காத கதவுகள் இந்த இரண்டு பெண்களுக்கும் மெல்ல மெல்லத் திறந்தன.

ஒரே ஒரு படுக்கை

வந்த சில மாதங்களிலேயே ஐடாவுக்குப் பேரிடி காத்திருந்தது. தந்தை நோய்வாய்ப்பட்டு அதே ஆண்டில் காலமானார். பக்கத்தில் இருந்து தொழில் பழக்குவார் என்று நம்பிய பெரிய டாக்டர் போய்விட்டார். இளம்பெண்ணான புது டாக்டரை ஊரார் உடனே நம்பிவிடவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று தயங்கினார்கள்.

வேலூர் பங்களாவில் ஒரு சிறிய அறை. நீளம் 12 அடி, அகலம் 10 அடி. அதில் ஒரு படுக்கை. அதுதான் ஆஸ்பத்திரி. சலோமி என்ற தமிழ்ப் பெண் அவருக்குத் துணையாக நின்றார். மருந்து கலக்கவும், கட்டுப் போடவும், அறுவை சிகிச்சையின்போது பக்கத்தில் நின்று உதவவும் சலோமி கற்றுக்கொண்டார்.

ஒருத்தி குணமாகிப் போனாள். அவள் நாலு பேரிடம் சொன்னாள். அந்த நாலு பேரும் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 5,000 நோயாளிகள் வைத்தியம் பெற்றார்கள். 1902-இல் ஷெல் கொடுத்த பணத்தில் 40 படுக்கைகளோடு புது ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு இருந்தது. டாக்டர் ஐடா தம் நம்பிக்கையை மறைத்து வைக்கவில்லை. கத்தியைக் கையில் எடுக்கும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். நோயாளிகளுக்கு வேதம் வாசிக்கப்படும். எல்லாம் வெளிப்படை. ஆனால் ஜெபத்தில் சேராதவருக்கு மருந்து இல்லை என்ற பேச்சே அங்கே கிடையாது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மேல்சாதி, கீழ்சாதி எல்லாருக்கும் ஒரே வைத்தியம், ஒரே கவனிப்பு. நம்பிக்கையைச் சொல்வது தம் கடமை. ஏற்பதும் ஏற்காததும் கேட்பவர் விருப்பம். மருந்தை அதற்கு விலையாக வைக்கக்கூடாது. இந்த முறையில்தான் அவருடைய ஊழியம் நடந்தது.

மரத்தடி வைத்தியம்

நோயாளிகள் எல்லாராலும் வேலூருக்கு வர முடியுமா? வண்டி கட்டிக்கொண்டு வருவதற்குள் சிலருக்கு உயிர் போய்விடும். கூலி வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் வேலை போனாலே அடுப்பு எரியாது. நோயாளிகள் வர முடியாவிட்டால் டாக்டர் போக வேண்டியதுதான் என்று ஐடா முடிவு செய்தார்.

முதலில் மாட்டு வண்டியில் போனார். பிறகு பிரான்சில் செய்த சின்ன மோட்டார் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் புகையைக் கக்கிக்கொண்டு ஓடி வந்த அதைக் கண்டு கிராமத்தார் பயந்து ஓடினார்கள். சில வாரங்களில் அதே வண்டியின் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.

வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டி நிற்கும். சிரங்கு, கண்நோய், காய்ச்சல், ஆறாத புண், குஷ்டம் என்று பலவகை நோயாளிகள் கூடியிருப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள். பல் பிடுங்குவார்கள். மருந்தைக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பார்கள். பெரிய நோயாக இருந்தால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள்.

காத்திருப்பவர்களுக்கு இயேசுவின் கதை சொல்லப்படும். பிள்ளைகளுக்குப் படம் போட்ட அட்டைகள் கிடைக்கும். பாட்டனார் சந்தையில் நின்று சொன்ன அதே செய்திதான். ஆனால் இப்போது அதைச் சொல்பவர்களின் கை கேட்பவரின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. குஷ்டரோகியைக் கண்டால் சொந்தக்காரர்களே விலகி ஓடிய காலம் அது. அப்படிப்பட்டவரைத் தொட்டு மருந்து போட்ட கையைப் பார்த்தவர்களுக்கு அன்பைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

மூன்று பேராவது வருவார்களா?

எவ்வளவு ஓடினாலும் ஒரு டாக்டரால் எத்தனை ஊருக்குப் போக முடியும்? தாம் ஒருத்தி ஆயிரம் பேருக்கு வைத்தியம் செய்வதைவிட, நம் நாட்டுப் பெண்கள் நூறு பேரை டாக்டர்களாக ஆக்குவது மேல் என்று ஐடா கண்டார். 1909-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளிக்கு முயற்சி செய்தார்.

சர்க்கார் மருத்துவ இலாகாவின் தலைமை அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள்கூட மனுப் போடமாட்டார்கள் என்று நினைத்தார். ஆறு பேராவது சேர்ந்தால் தொடங்கலாம் என்று அனுமதி கொடுத்தார். வந்த மனுக்கள் எத்தனை தெரியுமா? 151!

1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி கவர்னர் பென்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு மைக்ராஸ்கோப், ஓர் எலும்புக்கூடு, சில புத்தகங்கள். இவைதான் சொத்து. டாக்டர் ஐடாதான் பிரின்ஸிபால். ஆஸ்பத்திரி வேலையையும் பார்த்துக்கொண்டு பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

பரீட்சை வந்தது. சென்னை ராஜதானி முழுவதும் ஆண்கள் எழுதும் பரீட்சை அது. ஆண்களே பெரும்பாலோர் தவறிவிடுவார்கள். பெண்களில் ஒருத்தி தேறினாலும் பெரிய காரியம் என்று பேச்சு. முடிவு வெளியானபோது வேலூர்ப் பெண்கள் ஒருவர் விடாமல் தேறியிருந்தார்கள்! 1922-இல் 14 பெண்கள் டாக்டர்களாக வெளியே வந்தார்கள்.

பணிவிடையை எதிர்பார்க்காமல் பணிவிடை செய்ய வேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் குறிக்கோள். மாணவிகளோடு உட்கார்ந்து ஐடா வேதம் படிப்பார். அன்பைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய அதிகாரத்தில் அவருக்குத் தனிப் பிரியம். படித்துத் தேறிய மாணவிகள் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். ஆண் டாக்டரை உள்ளே விடாத வீடுகள் அவர்களை வரவேற்றன.

எழுபது வயதில் மறுபடியும்

1937-க்குப் பிறகு புதிய சோதனை வந்தது. டாக்டர் படிப்பின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று சென்னை சர்க்கார் தீர்மானித்தது. பழைய டிப்ளமாப் படிப்பு இனிக் கூடாது. பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். பல பேராசிரியர்கள் வேண்டும். கருவிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியை மூட வேண்டியதுதான்.

அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஐடாவுக்கு வயது எழுபது. 1941-இல் அவர் மறுபடியும் அமெரிக்கா போனார். ஊர் ஊராகச் சென்று பேசிப் பணம் திரட்டினார்.

பணத்தைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்றும் எழுந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மற்ற மிஷன் சபைகளின் உதவி கிடைக்கும்; கல்லூரி பிழைக்கும். ஆனால் இது பெண்களுக்காகவே ஏற்பட்ட கல்லூரி ஆயிற்றே! பல ஆண்டுகளாக உதவி செய்த அமெரிக்கச் சீமாட்டிகள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களில் ஐடாவின் நெடுநாள் நண்பரான லூசி பீபாடி அம்மையாரும் ஒருவர். நட்புக்கும் கல்லூரிக்கும் நடுவே ஐடா நின்றார். கடைசியில் கல்லூரி வாழ வேண்டும் என்ற பக்கமே சாய்ந்தார். அந்த முடிவு அவருக்கு வருத்தம் தராமல் இல்லை. ஆனால் பின்வாங்கவில்லை.

1942-இல் பட்டப் படிப்பு வகுப்புத் தொடங்கியது. 1946-இல் நர்ஸுகளுக்கும் பட்டப் படிப்பு வந்தது. அதே ஆண்டில் ஐடா ஓய்வு பெற்றார். 1947-இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1948-இல் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீர்படுத்தும் வேலையை டாக்டர் பால் பிராண்டு அங்கே தொடங்கினார். மரத்தடியில் புண்ணைக் கழுவித் தொடங்கிய பணி அந்த அளவுக்கு வளர்ந்தது.

அம்மாளின் கடைசி நாட்கள்

டாக்டர் ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரைத் தாயாகப் பாவித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஊர்ப் பெயர்கூட இல்லாமல், டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். முதுமையில் கொடைக்கானல் வீட்டில் பூச்செடிகளை வளர்த்தார். டென்னிஸ் ஆட்டத்தில் அவருக்கு இருந்த ஆசையைப் பற்றி மாணவிகள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

1960-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொடைக்கானலில் அவர் காலமானார். வயது 89. ஒரு படுக்கையோடு அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் ரயில் ஏறி வருகிறார்கள்.

விசுவாசத்தைத் தைரியமாகச் சொல்வது என்றால் உரத்த குரலில் பேசுவது என்று பலரும் நினைக்கிறார்கள். ஐடாவின் பாட்டனார் அப்படிப் பேசினார், அதுவும் தைரியம்தான். ஐடாவின் தைரியம் வேறு வகை. வீட்டுக்குள் ஆண் வரக்கூடாது என்று சொன்னவர்களோடு அவர் வாதம் செய்யவில்லை. அவர்கள் கேட்டது ஒரு பெண் டாக்டர். அவர்கள் கேட்டபடியே தம்மை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

அந்த மூன்று பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பின் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்துப் பிள்ளையை மடியில் ஏந்தினார்கள்.